மாசிப் பனியில் ஒரு சிவப்பு வில்லை



தை கழிந்து மாசி பிறந்துவிட்டது. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த தமிழர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றனர். திருச்சபையின் தவக்காலமும் நம் நாட்டில் பெரும்பாலும் இப்பருவத்திலேயே அமைகிறது. சாம்பல் புதன் எவ்வளவு முந்தினாலும் பிப்ரவரி 4-ஆம் நாளுக்கு முன் வருவதில்லை. எவ்வளவு பிந்தினாலும் மார்ச் 10-ஆம் நாளைத் தாண்டுவதில்லை. ஆகவே நமது நோன்பு நாட்கள் பனியில் தொடங்கி வெயிலில் முடிகின்றன.

இம்மாதம் இப்பகுதியில், இப்பனிக் காலையில் சைக்கிள் ஏறி வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி எழுத விரும்புகிறோம். நாமும் அவர்களுள் ஒருவராகப் பல்லாண்டுகள் இருந்தோம். எழுத வேண்டியதில் நமது குற்றம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இக்கட்டுரையால் யாருக்கும் பயனில்லை.

திருச்சி பொன்மலையிலுள்ள ரயில்வே பணிமனையை அறியாத திருச்சிக்காரர் இல்லை. தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் பிற்பகுதியில் பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அதுமுதல் அவ்வூரின் காலை, பணிமனைச் சங்கின் ஓசையோடுதான் தொடங்கியது. சங்கு ஒலிக்குமுன் நாற்புறமிருந்தும் தொழிலாளர் சைக்கிளில் வந்து சேர்வர். ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆடும். தலையில் மப்ளரோ, துண்டோ காதோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். நாமும் காட்டூர்ப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர்ச் சாலை வழியே அரியமங்கலம் வந்து பொன்மலை சேருவோம். எம் தெருவிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்துமாக ஆறு பேர் ஒன்றாகப் புறப்படுவது வழக்கம்.

மற்ற மாதங்களில் அது ஓர் எளிய பயணமே. மாசியில் மட்டும் அவ்வழி வேறொரு வழியாகிவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்து வானம் தெளிந்திருக்கும். மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்கு நீர் விடுவது வழக்கமாக சனவரி 28-ஆம் நாளோடு நிறுத்தப்படும். சம்பா அறுவடையான வயல்களில் தாள் நிற்கும். மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும். உய்யக்கொண்டான் வாய்க்காலின் கரைகளிலும் ஈரம் காயாதிருக்கும். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தையெல்லாம் விண்ணுக்கு விட்டுக் குளிர்ந்துபோகிறது. அதன் மேலுள்ள ஈரக்காற்றும் குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகி அசையாமல் நிற்கிறது. இதுவே மூடுபனி. காற்று வீசினால் அது நிலைப்பதில்லை. வெயில் ஏறினால் கலைந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு அப்பாலுள்ளது தெரியாவிட்டால் அதை மூடுபனி என்று வானிலையாளர் கணக்கிடுவர். மாசியின் சில காலைகளில் நமக்கு முன் செல்லும் சைக்கிளே தெரியாது.

சைக்கிளில் செல்பவனுக்கும் பருவத்திற்கும் இடையே சுவர் இல்லை. பேருந்தில் அமர்ந்திருப்பவர் பனியைக் கண்ணாடிக்கு வெளியே காண்கிறார். சைக்கிள்காரன் அதன் உள்ளே செல்கிறான். காற்றே இல்லாத காலையிலும் அவன் செல்லும் வேகமே ஒரு காற்றாகி முகத்தில் மோதுகிறது. விரல் கணுக்கள் மரத்துப்போகும். புருவத்தில் நீர் கோத்து நிற்கும். ஆனால் அதே மனிதன் பிற்பகலில் வேலை முடிந்து திரும்பும்போது தார்ச்சாலை அனல் வீசும். காலையில் அணிந்த கம்பளிச் சட்டையைச் சுருட்டிப் பின்னாலுள்ள கேரியரில் கட்டிக்கொண்டு வியர்வையோடு மிதிக்க வேண்டும். ஒரே நாளில் இரு பருவங்கள். சில ஆண்டுகளில் எதிர்பாராத மாசி மழையும் ஒரு நாள் வந்து நனைத்துப் போகும். நாளை எப்படி இருக்கும் என்று முந்தைய இரவில் சொல்ல இயலாது. அன்றன்று கிடைத்த நாளை அன்றன்று ஏற்றுக்கொள்வதைத் தவிர சைக்கிள்காரனுக்கு வேறு வழியில்லை.

வண்டியும் பனியை உணர்கிறது. அந்நாளைய பெரிய சைக்கிள்களில் கம்பி பிரேக்கின் ரப்பர்க் கட்டைகள் இரும்பு ரிம்மைப் பற்றித்தான் வண்டியை நிறுத்தும். ரிம் ஈரமாயிருந்தால் அப்பிடி நழுவும். வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடித்தான் வண்டி நிற்கும். டைனமோ விளக்கின் செய்தியும் இத்தகையதே. டயரை உரசிச் சுழலும் அதன் தலை, டயர் நனைந்திருந்தால் வழுக்கும், ஒளி மங்கும். மேலும், சக்கரம் சுழலும்வரைதான் டைனமோ ஒளி தரும். வண்டி நின்றால் விளக்கு அணைந்துவிடும். ஒளி மிகவும் தேவைப்படுவது நடுச்சாலையில் நிற்க நேரும்போதுதான். அப்போதுதான் அது இருக்காது. இதை மனத்தில் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். இனிச் சொல்லப்போவது இதைப் பற்றியதே.

1983-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் சாம்பல் புதன். அதற்கு முந்தைய ஞாயிறன்று, தை மாதத்தில் நடந்த பங்குத் திருவிழாவின் கணக்கு பார்க்கப்பட்டது. நம்மோடு சைக்கிளில் வரும் அறுவரில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை நாம் அண்ணன் என்றே அழைப்போம். வின்சென்ட் தே பவுல் சபையில் உழைத்தவர். சொல்லிலும் செயலிலும் நேரானவர். நாம் எழுதி வைத்த வரவுக் கணக்கில் 12 ரூபாய் குறைவதாக அவர் எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினார். குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஆயினும் பத்துப் பேர் நடுவே நமது முகம் வெளிறியது. அன்றிரவு வீட்டில் கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி. கூட்டலில் பிழை செய்தவர் நாமே. மறுநாள் 12 ரூபாயைப் பங்குத்தந்தையிடம் செலுத்தினோம். ஆனால் அண்ணனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிழை நம்முடையது என்று தெரிந்த பிறகு கோபம் குறைய வேண்டும். நமக்கோ அது வளர்ந்தது. சரியாகச் சொன்னவரை மன்னிப்பது, தவறாகச் சொன்னவரை மன்னிப்பதைவிடக் கடினம் என்பதை அன்று அறிந்தோம்.

புதனன்று அவர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. நம் நெற்றியிலும் இருந்தது. பேச்சு இல்லை. மறுநாள் காலை, வழக்கம்போல் ஆறு பேரும் புறப்பட்டோம். நாம் அவருக்கு நேர் பின்னே சென்றோம். அவருடைய வண்டியின் பின் மட்கார்டில் இருக்க வேண்டிய சிவப்பு வில்லை இல்லை என்பதைக் கண்டோம். உடைந்த விளிம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பணிமனை ஸ்டாண்டில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்போது உடைந்திருக்க வேண்டும். "அண்ணே, பின்னால் வில்லை உடைந்துவிட்டது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாம் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டோம் என்று எழுத ஆசைதான். அது உண்மை அன்று. ஒவ்வொரு நாள் காலையும் அவ்வுடைந்த விளிம்பைக் கண்டோம். ஒவ்வொரு நாளும், அவரே முதலில் பேசட்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. அவ்வாண்டில் நாம் கண்ட பனியிலெல்லாம் மிகுந்த பனி அன்றுதான். சாலையோரப் புளியமரங்கள்கூடக் கண்ணில் படவில்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. அரியமங்கலத்திற்கு முன்பு அண்ணனின் வண்டியில் செயின் கழன்றது. அவர் இறங்கி, வண்டியைச் சாலை ஓரத்திற்குத் தள்ளத் தொடங்கினார். மற்ற நால்வரும் முன்னே சென்றுவிட்டனர். பனியில் அவர்கள் அறியவில்லை. நாம் அறிந்தோம். மற்ற நாளாயிருந்தால் நாமும் இறங்கி, ஒருவர் வண்டியைப் பிடிக்க ஒருவர் செயினை மாட்டியிருப்போம். அன்று அவரைக் கடந்து சென்றோம். கடந்துபோகையில் அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

நூறு அடி சென்றிருக்க மாட்டோம். பின்னால் லாரி ஒன்று பிரேக் பிடிக்கும் ஓசையும், இரும்பு நசுங்கும் ஓசையும் கேட்டன.

லாரி மெதுவாகவே வந்ததாம். சக்கரம் நின்றதால் அண்ணனின் முன்விளக்கு அணைந்துவிட்டது. பின்னால் வில்லை இல்லை. "ஐயா, சைக்கிள் என் கண்ணில் படவே இல்லை" என்று அந்த ஓட்டுநர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஓடிவிடாமல், அண்ணனைத் தம் கையால் தூக்கி லாரியில் கிடத்தி மருத்துவமனை சேர்த்தவரும் அவரே. உயிருக்கு ஆபத்தில்லை. வலக் கால் எலும்பு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. மாவுக் கட்டும் படுக்கையுமாகக் கிட்டத்தட்ட நான்கு மாதங்கள் கழிந்தன. அவ்வீட்டில் பிள்ளைகள் மூவர். அரைச் சம்பள விடுப்பில் அக்குடும்பம் பட்ட பாட்டை அண்டை வீட்டாராகிய நாம் நாள்தோறும் கண்டோம்.

அன்று நாம் என்ன செய்தோம்? சட்டத்தின் முன் ஒன்றும் செய்யவில்லை. லாரியை ஓட்டியவர் நாமல்லோம். வில்லையை உடைத்தவரும் நாமல்லோம். ஒன்றும் செய்யாததே நாம் செய்தது. 1970-ஆம் ஆண்டு வெளிவந்த புதிய திருப்பலி நூலில், பாவ அறிக்கை செபத்தில் ஒரு சொல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு சிந்தனை, சொல், செயல் என மூன்றையே அறிக்கையிட்டு வந்தோம். அதன்பின் செய்யத் தவறியதையும் சேர்த்து மார்பில் தட்டிக்கொள்கிறோம். பதின்மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அச்சொல்லை உச்சரித்திருந்தோம். அதன் பொருள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் விளங்கியது. காயீன் தன் தம்பியைப் பற்றிக் கடவுளிடம் எதிர்க்கேள்வி கேட்டதை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அவன் கையை ஓங்கியவன். நாமோ ஓங்கவில்லை. ஆனாலும் அக்கேள்வி நம் வாயிலும் இருந்தது.

பெரிய வியாழன் மாலை, அது அவ்வாண்டு மார்ச் 31-ஆம் நாள், அண்ணன் வீட்டிற்குச் சென்றோம். பாதம் கழுவும் சடங்கிற்கு ஆலயம் புறப்படும் நேரம். கட்டிலருகே அமர்ந்து, 12 ரூபாய்க் கணக்கு முதல் செயின் கழன்ற நொடி வரை எல்லாவற்றையும் சொன்னோம். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பின்பு சொன்னார்:

"தம்பி, வில்லை உடைந்தது எனக்கும் தெரியும். சம்பளம் வரட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கிப் போட்டிருப்பேன்."

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. நம்மை விடுவிக்கவும் இல்லை. சற்று நேரம் கழித்து, "நேரமாகிறது, பூசைக்குப் போ, எனக்காகவும் வேண்டிக்கொள்" என்று கையைப் பிடித்து அனுப்பினார். ஒப்புரவு என்பது நடந்ததை நடவாததாக்குவது என்று நினைத்திருந்தோம். அன்று வேறு விதமாகக் கற்றோம். நடந்தது நடந்ததாகவே இருந்தது. அதனருகில் அமர இருவருக்கும் இடம் கிடைத்தது.

அந்தச் சிறு வில்லையைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். அதற்குள் விளக்கு இல்லை, பேட்டரி இல்லை. அதன் உட்புறத்தில் மூலை மூலையாக வெட்டப்பட்ட நுண்ணிய பட்டைகள் பல உள்ளன. கண்ணாடி தன் மேல் பட்ட ஒளியை வேறு பக்கம் தள்ளிவிடும். இவ்வில்லையோ ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகிறது. எனவே பின்னால் வரும் வண்டியின் விளக்கு, அவ்வண்டியை ஓட்டுபவர் கண்ணுக்கே சிவப்பாகத் திரும்பி வருகிறது. வண்டி நின்றாலும் அது வேலை செய்யும். அதற்கு வேண்டியதெல்லாம் இரண்டே: உடையாதிருக்க வேண்டும், அழுக்கின்றி இருக்க வேண்டும். மற்றொன்றையும் கவனியுங்கள். வண்டியை ஓட்டுபவர் தம் பின்வில்லையைப் பயணத்தின்போது காண இயலாது. பின்னால் வருபவரே அதைக் காண்கிறார். நம் குறைகள் பலவும் இப்படிப்பட்டவையே. ஆகவேதான் சகோதரன் தவறும்போது தனியே சென்று அவனிடம் எடுத்துச் சொல்லுமாறு மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பணித்தார். கண்டவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?

இவையெல்லாம் பழைய காலத்துச் செய்தி, இன்று யார் சைக்கிளில் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, பயிர்த்தொழிலும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளுக்குச் செல்லும் இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சைக்கிளிலேயே சென்றனர். நம் தெருக்களில் விடியுமுன் பால் கொண்டு வருபவரும், செய்தித்தாள் போடும் இளைஞரும், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனாரும், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் முதியவரும் அவர்களுள் அடங்குவர். தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கிய பின், காலைத் தனிவகுப்புக்குப் பனியில் மிதித்துச் செல்லும் பிள்ளைகள் ஊர்தோறும் உள்ளனர். சைக்கிளுக்குப் பிரதிபலிக்கும் வில்லைகள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020-ஆம் ஆண்டில் தர ஆணையும் பிறப்பித்தது. ஆணை புதிய வண்டிக்குப் பொருந்தும். பழைய வண்டியில் உடைந்துபோன வில்லைக்கு அண்டை வீட்டாரே ஆணை.

ஆகவே இத்தவக்காலத்தில் நம் குடும்பங்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மாலையில் வீட்டிலுள்ள சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்வில்லை இருக்கிறதா, சுத்தமாயிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பனிக்காலையில் முதல் தெருவிலேயே இரண்டு மூன்று முறை பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். வெளிர் நிறச் சட்டை அணிந்து செல்லச் சொல்லுங்கள். பனி மிகுந்திருந்தால் பத்து நிமிடம் பிந்திப் புறப்படச் சொல்லுங்கள். தாமதத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிது. பின்பு அடுத்த வீட்டுச் சைக்கிளையும் பாருங்கள். அதில் வில்லை இல்லையென்றால், தவக்காலத்தில் மிச்சம்பிடித்த காசில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தருமம் என்றால் அரிசியும் துணியும் மட்டுமே என்று யார் சொன்னார்?

அதைவிடக் கடினமான பணியும் உண்டு. நாம் பேசாதிருக்கும் ஒருவர் நம் தெருவிலோ, நம் வீட்டிலோ இருக்கலாம். அவர் முதலில் பேசட்டும் என்று நாமும் காத்திருக்கலாம். அவ்வாறு காத்திருக்கும் நாட்களில் அவருக்குச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று நம் கண்ணில் பட்டுக்கொண்டேயிருக்கும். மாசிப் பனி நாம் சமாதானம் ஆகும்வரை பொறுத்திருப்பதில்லை.

1983-ஆம் ஆண்டு சூன் இறுதியில் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். வலக் காலைச் சற்றுத் தாங்கியே நடந்தார். அப்போது பனி இல்லை. ஆனி மாதத்து மேல்காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அவருடைய வண்டியின் வளைந்த பின்சக்கரத்தை மாற்றி, மட்கார்டைத் தட்டிச் சீராக்கி, மூன்று ரூபாய்க்குள் வாங்கிய ஒரு புதிய சிவப்பு வில்லையை நாமே முடுக்கியிருந்தோம். அவர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். பின்பு நம் வண்டியின் பின்னால் சென்றார். தோளிலிருந்த துண்டின் முனையை எச்சில் தொட்டு எதையோ துடைத்தார்.

"உன்னுடையதில் சேறு அப்பியிருக்கிறது, தம்பி" என்றார். "எத்தனை நாளாக இப்படி ஓட்டுகிறாய்?"

நமக்குத் தெரியாது. நாம் அதைப் பார்த்ததே இல்லை.